நிலம் நடுங்கும்போது வானில் இருப்பவர்கள்

(பழனிசெட்டிபட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பம் பள்ளத்தாக்கில் நிலநடுக்கம் என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெரியாறு அணைதான். 1988 ஜூனில் நெடுங்கண்டம் பக்கம் நிலம் ஆடியது. 2000 டிசம்பர் 12ஆம் தேதி ஈராட்டுப்பேட்டை அருகே 5 ரிக்டர் அளவில் ஒரு நடுக்கம். அடுத்த மாதமே, 2001 ஜனவரி 7ஆம் தேதி, மறுபடியும் ஒன்று. மூன்றும் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தவை. ஆனாலும் நம் டீக்கடைகளில் பேச்செல்லாம் 1895இல் கட்டி முடித்த அந்தச் சுவரைப் பற்றித்தான். அதில் தப்பே இல்லை. இந்த ஊர்த் தடுப்பணையில் வழிகிற தண்ணீர் அங்கிருந்து வருவது. சோறு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கவலையும் போகும்.

ஆனால் விழாக் குழுவினர் என்னிடம் கொடுத்த கேள்வி வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். கீழே நிலநடுக்கம் வந்தால், மேலே பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு என்ன ஆகும்? எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு பிள்ளை, ஒரு மருமகன் இல்லாத தெரு குறைவு. அவர்கள் மதுரையிலும் கொச்சியிலும் வந்து இறங்குகிறார்கள். வானத்தில் இருப்பவர்களைப் பற்றிய கவலை நம் வீட்டுக் கவலைதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறந்துகொண்டிருக்கும் விமானம் குலுங்காது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

ஏன் குலுங்காது? பாறை உடைந்து நழுவும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. ஒன்று பாறையை முன்னும் பின்னுமாக நெருக்கி விரித்துக்கொண்டு போவது. இன்னொன்று பக்கவாட்டில் உதறிக்கொண்டு போவது. வீட்டை அதிகமாக ஆட்டுவது இந்த உதறல் அலை. இது திடப்பொருளில் மட்டுமே போகும். நீரிலும் போகாது, காற்றிலும் போகாது. தரையோடு அதன் கதை முடிந்தது. நெருக்கும் அலை மட்டும் காற்றுக்குள் நுழைய முடியும். காற்றுக்குள் நுழைந்தால் அதற்குப் பெயர் ஒலி. அதுவும் எளிதில் நுழைந்துவிடாது. கிணற்றில் முங்கி நீந்துகிறவன் காதில், மேலே நிற்பவன் கத்துவது விழாது; கத்திய சத்தத்தில் பெரும்பகுதி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிப் போய்விடும். பாறைக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரியது. கருங்கல்லின் அடர்த்தியையும் அதில் அலை போகும் வேகத்தையும் பெருக்கி, காற்றின் கணக்கோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் காற்றுக்குள் போகும் என்று வருகிறது. மீதி அத்தனையும் நிலத்துக்குள்ளேயே திரும்பி, நம் சுவர்களை உடைக்கிறது.

நடுக்கடலில் போகும் கப்பல் நிலநடுக்கத்தை உணர்வதுண்டு. பாறையில் மோதிவிட்டோமோ என்று மாலுமிகள் பதறிய அனுபவங்கள் நிறைய. நீர் கொஞ்சமாவது பாறையோடு ஒத்துப்போகிற பொருள். காற்று அப்படி இல்லை.

சரி, அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ன ஆகிறது? இங்கேதான் விஞ்ஞானம் அழகாகிறது. அது மேலே போகிறது. நம் காதுக்கு எட்டாத, மிகத் தாழ்ந்த சுருதி ஒலியாக மேலேறுகிறது. விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்துக்கு அது போய்ச்சேர அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அதற்குள் விமானம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அந்த ஒலியின் அசைவு கூடிக்கொண்டே போகும். விமானத்தின் உயரத்தில் இரண்டு மடங்குகூட ஆகாது. ஆனால் 270 கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கான மடங்கு ஆகிவிடும். 2011 மார்ச் 11ஆம் தேதி ஜப்பானை உலுக்கிய 9 அளவிலான நடுக்கத்தின்போது, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கோசே என்ற செயற்கைக்கோள் கிட்டத்தட்ட அந்த உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பூமியின் ஈர்ப்புவிசையை நுட்பமாக அளப்பதற்காக அனுப்பிய கோள் அது. நடுக்கத்தின் ஒலி அதை லேசாக அசைத்த தடம் பதிவுகளில் இருந்ததை, பிறகு ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். செண்டாய் கடலடியில் உடைந்த பாறை, விண்வெளியின் விளிம்பில் இருந்த ஒரு கருவியைத் தொட்டிருக்கிறது!

பலூன்களும் கேட்டிருக்கின்றன. 2019 ஜூலையில் கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட் பகுதியில் பெரிய நடுக்கம் வந்தபிறகு, பின்னதிர்வுகளைப் பிடிப்பதற்கென்றே ஆராய்ச்சியாளர்கள் பலூன்களைப் பறக்கவிட்டார்கள். அவற்றில் ஒன்று, ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் மிதந்தபடி, 4.2 அளவுள்ள ஒரு பின்னதிர்வின் ஒலியைப் பதிவு செய்தது. 2021 டிசம்பர் 14ஆம் தேதி இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் கடலில் 7.3 அளவில் நடுக்கம் வந்தபோது, பிரெஞ்சு ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் நான்கு பலூன்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதைக் கேட்டன. எதற்காக இந்தப் பாடு? வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் 460 டிகிரி செல்சியஸ். அங்கே கருவி ஒன்றை இறக்கி வைத்தால் சில மணி நேரத்தில் வெந்துவிடும். மேலே மிதந்தபடியே அந்தக் கோளின் நடுக்கங்களைக் கேட்க முடியுமா என்பதற்கான ஒத்திகைதான் இது. மாணவர்களே, உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் அந்தக் கருவியைச் செய்யப் போகலாம். நம் தலைக்கு மேலே தெரிகிற கொடைக்கானல் மலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நிலநடுக்கப் பதிவுக் கருவி வைத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் நாம் ஒன்றும் புதியவர்கள் அல்ல.

ஆக, நடுக்கம் வானத்துக்குப் போகிறது. ஆனால் நுட்பமான கருவிக்கு மட்டுமே கேட்கிற அளவில். எழுபது டன் எடையுள்ள விமானத்தை ஆட்டுகிற அளவில் இல்லை. விமானத்தை ஆட்டுவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாம். கம்பம் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். தென்மேற்குப் பருவக் காற்று மலைத்தொடரில் ஏறி இறங்கும்போது உண்டாகிற சுழல்கள் இருக்கின்றனவே, கொச்சியிலிருந்து கிழக்கே வருகிற விமானத்தை அவைதான் உலுக்கும். எந்த நிலநடுக்கத்தின் ஒலியும் அதன் அருகில் நிற்க முடியாது.

ஜிபிஎஸ் கெட்டுப்போகாதா என்றும் ஒரு கேள்வி வரும். நடுக்கத்தின் அலை எட்டுப் பத்து நிமிடங்களில் அயனி மண்டலத்தை எட்டி அங்கே சிறு சலனம் உண்டாக்கும் என்பது உண்மை. 2004 சுமத்ரா நடுக்கத்தின்போது இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளில் இருந்த ஜிபிஎஸ் நிலையங்களில் அது தெளிவாகப் பதிவானது. ஆனால் நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். பொழுது சாய்ந்தபின் நம் வானத்தின் அயனி மண்டலத்தில் இயல்பாகவே எழும் குமிழிகள், ஜிபிஎஸ் சமிக்ஞைகளுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதே இந்த வானத்தை ஆராயத்தான்.

எரிமலையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மெய்யாகவே விமானத்துக்குப் பகை. 1982 ஜூன் 24ஆம் தேதி இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு அது கிளைடரைப் போல இறங்கிக்கொண்டே வந்து, சாம்பலை விட்டு வெளியேறியபின் எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்று, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். விமானம் வானத்தில் பிழைத்துவிடும். ஆனால் எந்த விமானமும் வானத்திலேயே இருந்துவிட முடியாது. எரிபொருள் தீர்வதற்குள் அது தரைக்கு வந்தாக வேண்டும். அந்தத் தரையைத்தான் நிலநடுக்கம் உடைக்கிறது. ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், வழிகாட்டும் ஆன்டெனாக்கள், மின்சாரம், எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பாலு என்று ஒரு நகரம். நீண்டு குறுகிய விரிகுடாவின் முனையில் இருக்கிறது. 2018 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு 6.1 அளவில் ஒரு முன்னதிர்வு வந்து போயிருந்தது. மாலை ஆறு மணியளவில் பாட்டிக் ஏர் நிறுவனத்தின் 6231ஆம் எண் விமானம் மகாசர் நகருக்குப் புறப்பட ஓடுபாதையில் நின்றது. உள்ளே நூறுக்கும் மேற்பட்ட பயணிகள். விமானி ரிகோசெட்டா மாஃபெல்லா. கோபுரத்தில் இருந்தவர் அந்தோனியுஸ் குனாவன் ஆகுங். வயது 21. நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளை கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பான்.

ஆகுங் புறப்பட அனுமதி கொடுத்தார். விமானம் ஓடத் தொடங்கியது. 6 மணி 2 நிமிடத்துக்கு 7.5 அளவில் நிலம் பிளந்தது. சக்கரம் தரையில் இருக்கும்வரை விமானமும் சாலையில் போகிற பேருந்தும் ஒன்றுதான். தரை ஆடினால் அதுவும் ஆடும். விமானம் இடமும் வலமுமாக அலைவதை மாஃபெல்லா உணர்ந்தார். ஆனால் வேகம் கூடியிருந்தது. தூக்கிவிட்டார். தரையை விட்ட மறுநொடி ஆட்டம் நின்றது. நான் இவ்வளவு நேரம் சொன்ன இயற்பியல் முழுவதும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது.

கோபுரத்தில் நிலைமை வேறு. அங்கிருந்த மற்றவர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சுவர் பிளக்கும்போது ஓடத்தான் வேண்டும். ஆகுங் ஓடவில்லை. விமானம் தரையை விட்டு எழும்வரை இருந்தார். அதற்குள் இறங்குகிற வழி அடைபட்டுவிட்டது. கூரை இடிந்து விழ, நான்காவது மாடியிலிருந்து குதித்தார். கால் முறிந்தது, உள்ளுறுப்புகளிலும் பலத்த காயம். மேல்சிகிச்சைக்கு வேறு நகரத்துக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்தார்கள். அது வந்து சேருவதற்குள் மறுநாள் உயிர் பிரிந்தது.

மேலே ஏறிய மாஃபெல்லா கோபுரத்தைத் திரும்ப அழைத்தபோது பதில் வரவில்லை. கீழே கடலில் விசித்திரமான அலை வட்டங்களை அவர் கண்டார். அது சுனாமியின் தொடக்கம். அந்த மாலையில் பாலுவிலும் சுற்றுவட்டாரத்திலும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓடுபாதையில் ஏறத்தாழ 500 மீட்டருக்கு விரிசல். இன்னும் அரை நிமிடம் தாமதித்திருந்தால் அந்த விமானத்தின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆகுங் பணிபுரிந்த ஏர்நவ் இந்தோனேசியா நிறுவனம், இறந்தபின் அவருக்கு இரண்டு படி பதவி உயர்வு வழங்கியது.

அந்தப் பிள்ளையை நான் போற்றுகிறேன். போற்றுகிற அதே வாயால் கேட்கவும் கேட்கிறேன்: அந்தக் கோபுரம் ஏன் அப்படி இருந்தது? கட்டுப்பாட்டுக் கோபுரம் உயரமாக இருந்தே ஆக வேண்டும். ஓடுபாதை முழுவதும் கண்ணில் பட வேண்டும். ஒல்லியான தண்டு, உச்சியில் கண்ணாடி அறை, அதற்குள் கனமான கருவிகள். நிலநடுக்கத்துக்கு இதைவிட வாட்டமான கட்டடம் கிடையாது. 1964 மார்ச் 27ஆம் தேதி அலாஸ்காவில் 9.2 அளவில் நடுக்கம் வந்தபோது ஆங்கரேஜ் விமான நிலையக் கோபுரம் இடிந்து ஒரு கட்டுப்பாட்டாளர் இறந்தார். அறுபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 28ஆம் தேதி மியான்மரை 7.7 அளவிலான நடுக்கம் தாக்கியபோது, தலைநகர் நேபிடோ விமான நிலையத்தின் கோபுரம் அடியோடு சாய்ந்து கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது. அறுபது ஆண்டுகளில் விமானம் எவ்வளவோ மாறிவிட்டது. அதை வழிநடத்துகிறவர் உட்காரும் இடம் மட்டும் இன்னும் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

கோபுரம் நின்றாலும் ஓடுபாதை கிடைக்காமல் போகலாம். ஜப்பானில் அந்த 2011 நடுக்கத்தன்று நரிட்டா, ஹனேடா இரண்டையும் உடனே மூடினார்கள். உடைந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் இறக்க முடியாது. டோக்கியோவை நோக்கிப் பல மணி நேரம் பறந்து வந்து, எரிபொருள் குறைந்த நிலையில், டஜன் கணக்கான விமானங்கள் வானத்தில். நகோயா, ஒசாகா, வடக்கே சிட்டோசே என்று பிரித்து அனுப்பினார்கள். யோகோட்டாவில் இருக்கும் அமெரிக்க விமானப்படைத் தளத்தில்கூடப் பயணிகள் விமானங்களை இறக்கினார்கள். அன்று வானத்தில் இருந்த ஒரு பயணியும் சாகவில்லை. செண்டாய் விமான நிலையத்தைச் சுனாமி மூழ்கடித்தது. ஏப்ரல் 13ஆம் தேதி அங்கே மறுபடி பயணிகள் விமானம் வந்தது.

2015 ஏப்ரல் 25, நேபாளம். காத்மாண்டுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நம் நாட்டு விமானங்கள் பாதி வழியில் திரும்பின. அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை. அதன் வழியாகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் நிவாரணம் போக வேண்டும். கனத்த விமானங்கள் ஓயாமல் இறங்கியதில் ஏற்கெனவே நைந்திருந்த தளம் சேதமாகி, மே 3ஆம் தேதி பெரிய விமானங்களுக்குத் தடை போட்டார்கள். கீழே மக்கள் கூடாரத்துக்கும் மருந்துக்கும் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 2001 குடியரசு நாளன்று காலை குஜராத்தின் பூஜ் விமானப்படைத் தளத்தில் குடியிருப்புகள் இடிந்து வீரர்களும் குடும்பத்தினரும் மாண்டார்கள். அந்தத் தளத்தின் ஓடுபாதையில்தான் நிவாரண விமானங்கள் இறங்கின. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கார் நிக்கோபார் தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானப்படையினரையும் குடும்பத்தினரையும் கடல் கொண்டுபோனது. மிஞ்சிய ஓடுபாதையில், நம் தாம்பரத்திலிருந்து போன விமானப்படை விமானங்களும் இறங்கின. தங்கள் வீட்டாரை இழந்தவர்களே நின்று, இறங்கிய விமானங்களில் மற்றவர்களை ஏற்றி அனுப்பினார்கள். அந்தத் தளம் முழுவதும் போயிருந்தால் அந்தத் தீவுக்கு யார், எப்படிப் போயிருப்பார்கள்?

நமக்கு இதெல்லாம் வராது என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கம் 6 ரிக்டர் அளவில் நடுக்கம் வந்திருக்கிறது. அன்று அங்கே விமான நிலையமும் இல்லை, விமானமும் இல்லை. இன்று இருக்கிறது. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி பிற்பகல் இந்துமாக்கடலில் 8.6 அளவில் நடுக்கம் வந்தபோது சென்னையில் அடுக்குமாடிகளை விட்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அலை வருமோ என்ற அச்சத்தில் தாய்லாந்தின் புக்கெட் விமான நிலையத்தையே மூடினார்கள்.

எனவே, நிலையம் கட்டும்போது கோபுரத்தின் பலத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். கோபுரம் போய்விட்டால் உடனே கொண்டுவந்து நிறுத்த லாரியில் வைத்த நடமாடும் கட்டுப்பாட்டு அறை ஒவ்வொரு மண்டலத்துக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஜப்பானில் 2007 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்கே சில நொடி முன்னறிவிப்பு கிடைக்கிறது. அந்தச் சில நொடியில் கட்டுப்பாட்டாளர் ஒருவர் ஓடத் தொடங்கிய விமானத்தை நிறுத்தலாம், இறங்கப்போகிற விமானத்தை மேலேயே இருக்கச் சொல்லலாம், தானும் மாடிப்படியை நோக்கி எழுந்திருக்கலாம். ஆகுங்குக்கு அது கிடைக்கவில்லை.

கடைசியாக, பிள்ளையை அழைத்துவர மதுரைக்குப் போய்க் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அறிவிப்புப் பலகையில் விமானம் வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டது என்று போட்டால் நெஞ்சு படபடக்கத் தேவையில்லை. ஒவ்வொரு விமானமும் போகவேண்டிய ஊருக்கான எரிபொருள், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்கான எரிபொருள், அங்கேயும் அரை மணி நேரம் வட்டமிடுவதற்கான எரிபொருள் என்று கணக்குப் போட்டுத்தான் புறப்படுகிறது. மதுரை இல்லையென்றால் திருச்சி இருக்கிறது, திருவனந்தபுரம் இருக்கிறது, கோவை, கொச்சி இருக்கின்றன. மதுரையில் ஒருவேளை நிலம் ஆடியிருந்தால், அந்த நேரத்தில் ஜீப் ஒன்று ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் விரிசல் இருக்கிறதா, தளம் தூக்கிக்கொண்டிருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என்று அடி அடியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழிகாட்டும் ஆன்டெனா சற்றுச் சாய்ந்திருந்தாலும் விமானம் இறங்கும் கோணம் தவறிவிடும் என்பதால் அதையும் சரிபார்ப்பார்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை உங்கள் பிள்ளை திருச்சியில் இறங்கி உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. அவனுக்கு ஒரு போன் போட்டு, ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள்.